கரண்டி பிடித்த கைக்குச் சான்று எங்கே?

"தகப்பனார் தொழில் என்ன?"

"கூலிதான் சார், எழுதிக்குங்க."

சூன் திங்கள் பிறந்துவிட்டால் பள்ளியிலே நாம் கேட்கும் கேள்வி அது. வந்து விழும் விடை இது. படிவத்தின் அந்தச் சிறு கட்டத்திலே 'கூலி' என்ற இரண்டு எழுத்தைக் கிறுக்கிவிட்டு, "அடுத்தவர் வரலாம்" என்று அழைக்கிறோம். அடுத்தவரும் வருகிறார், அவரும் கூலி! அவருக்கு அடுத்தவரும் கூலி! ஊரிலே தொழிலே இல்லையோ, கூலி ஒன்றுதான் உண்டோ என்று ஐயுறும் வண்ணம் பக்கம் பக்கமாக அந்த இரண்டெழுத்து!

சென்ற சூனிலே மகனைச் சேர்க்க வந்த ஒருவர் படிவத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். நம் மேசைக்குப் பின்னால் இருந்த மூலையை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், அந்த மூலையிலே ஈரம் ஏறுது. வெளிப்பக்கம் தளத்துக்கு வாட்டம் கொடுக்காம விட்டிருப்பாங்க. தண்ணி அங்கேயே நிக்கும். பூச்சை உடைச்சுப் புதுசாப் பூசினாலும் நிக்காது, வாட்டத்தைச் சரி பண்ணணும்." மழை வந்த அன்று குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். அவர் சொன்ன இடத்திலே, சொன்ன அளவிலே, குளமாக நின்றது தண்ணீர். மூன்று ஆண்டுகளாக அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த நமக்குத் தெரியவில்லை. மூன்று மணித்துளி பார்த்த அவருக்குத் தெரிந்தது. அவர் தொழில் என்ன என்று நாம் எழுதியிருக்கிறோம்? கூலி!

நமக்கு ஒரு பட்டம் உண்டு, தோழர்களே. வரலாறு படித்தோம், வாங்கினோம், சட்டம் போட்டு வீட்டுச் சுவரிலே மாட்டியும் வைத்திருக்கிறோம். அந்தச் சுவரைத் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்துக் கட்டியவருக்குப் பட்டம் இல்லை. மாட்டியவனுக்குச் சான்றிதழ் உண்டு, கட்டியவனுக்குக் கிடையாது. நாம் கற்றது நான்காண்டு மறந்தால் மறந்தே போகும். அவர் கற்றது மறந்தால் கூரை தலையில் விழும். எனினும் எவருக்குச் சான்று, எவருக்கு வெறுங்கை என்று பாருங்கள்!

"ஏன், கட்டுமானத் தொழிலாளிக்குத்தான் அட்டை இருக்கிறதே!" என்பர் சிலர். இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னது? 1982-இல் தமிழ்நாட்டிலே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் வழியில் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் பிறந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1996-இல்தான் வந்தது. அந்தச் சட்டமும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைந்துவிட்டது. வாரிய அட்டையினால் பிள்ளையின் படிப்புக்கு உதவி, திருமணத்துக்கு உதவி, முதுமையில் ஓய்வூதியம், விபத்திலே மாண்டால் குடும்பத்துக்குத் தொகை எனப் பல பயன்கள் உண்டு. போராடிப் பெற்றவை அவை. அவற்றை இழித்துப் பேச நமக்கு நா எழாது.

ஆனால், அந்த அட்டை என்ன கூறுகிறது? இவர் 18 வயதைக் கடந்தவர், 60-ஐ எட்டாதவர், கடந்த ஓராண்டில் 90 நாளாவது கட்டட வேலை செய்தவர் என்று கூறுகிறது. உழைத்தார் என்கிறது, என்ன தெரிந்தவர் என்று கூறவில்லை. முப்பதாண்டு கம்பி வளைத்து, வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்த உத்தரத்துக்கு எத்தனை கம்பி, எங்கே கொக்கி, எங்கே வளையம் என்று சொல்லக்கூடியவருக்கும் அதே அட்டை. தொண்ணூறு நாளுக்கு முன் ஊரிலிருந்து வந்து செங்கல் எடுத்துக் கொடுப்பவருக்கும் அதே அட்டை. உழைத்தமைக்குச் சான்று வேறு, திறமைக்குச் சான்று வேறு. முன்னது இருக்கிறது. பின்னதைத்தான் கேட்கிறோம்.

எதற்குக் கேட்கிறோம்? பெருமைக்கா, சுவரிலே மாட்டவா? இல்லை, தோழர்களே, காசுக்காகக் கேட்கிறோம். 2019-இல் இயற்றப்பட்ட ஊதியத் தொகுப்புச் சட்டம், குறைந்தபட்சக் கூலியை வகுக்கும்போது தொழிலாளரைத் திறன் அற்றவர், அரைத்திறன் பெற்றவர், திறன் பெற்றவர், உயர்திறன் பெற்றவர் என நான்கு படியாகப் பார்க்கச் சொல்கிறது. படிக்கு ஒரு கூலி. நன்று! எந்த ஆள் எந்தப் படியில் நிற்கிறான் என்று தீர்ப்பவர் யார்? சட்டம் எழுதிய பேரவையா, பொறியாளரா, தொழிலாளர் அலுவலரா? எவரும் அல்லர். விடியற்காலை ஆறு மணிக்கு நாற்சந்தியிலே ஆள் பொறுக்க வரும் மேஸ்திரி! "நீ வா, நீ வா, நீ வேண்டாம், உனக்குக் கொத்தனார் கூலி, உனக்குப் பெரியாள் கூலி, நீ சித்தாள்" என்று விரல் நீட்டுகிறாரே, அந்த விரல்தான் உயர்நீதிமன்றம், அந்த விரல்தான் உச்சநீதிமன்றம்! மேல்முறையீடு கிடையாது.

மேஸ்திரி கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. அவரும் ஒரு நாள் சாந்து குழைத்தவரே. ஆனால், அளவுகோல் இல்லாத இடத்திலே அளப்பது எது? உறவு அளக்கும், ஊர் அளக்கும், சாதி அளக்கும், முன்பணம் வாங்கியவனா இல்லையா என்பது அளக்கும். திறமையின் முறை வருவதற்குள் ஆள் எடுத்து முடிந்துவிடும், வண்டி கிளம்பிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று அளக்கும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினோம்.

நம் வகுப்பிலே பயிலும் ஒரு சிறுமியின் தாய் சித்தாள். இருபத்திரண்டு ஆண்டாகச் சித்தாள். திருமணத்துக்கு முன் சித்தாள், இரண்டு பிள்ளை பெற்ற பின் சித்தாள், பேரன் எடுத்த பின்னும் சித்தாளாகவே இருப்பார் போலும். பள்ளிக்கு அருகே ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தபோது, உச்சிவேளையிலே ஒரு காட்சி கண்டோம். கொத்தனார் சோறு உண்ணப் போயிருந்தார். குழைத்த கலவை இறுகத் தொடங்கியது. இந்த அம்மையார் சுற்றுமுற்றும் பார்த்தார்; கரண்டியை எடுத்தார்; கலவையை வீசினார்; மட்டப்பலகையை வைத்து இழுத்தார்; நீர் தெளித்துத் தேய்த்தார். கால் மணி நேரத்தில் கண்ணாடிபோல் ஒரு பூச்சு! திரும்பி வந்த கொத்தனார் சுவரைத் தடவிப் பார்த்தார், பேசவில்லை. மேஸ்திரி பேசினார். "யாரைக் கேட்டுக் கரண்டியைத் தொட்டே? உன் வேலை எதுவோ அதைப் பாரு!" அம்மையார் கரண்டியைக் கழுவி, இருந்த இடத்தில் வைத்துவிட்டுச் சாந்துச் சட்டியைத் தலையில் ஏற்றினார்.

மறுநாள் அவரிடம் கேட்டோம், எப்படிக் கற்றீர்கள் என்று. "இருபது வருசமாப் பக்கத்திலேயே நிக்கிறேனே சார், கண்ணு இருக்கே" என்றார்.

கண் இருக்கிறது, கை இருக்கிறது, கலை இருக்கிறது. கூலி மட்டும் சித்தாள் கூலி! ஆண்பிள்ளை ஒருவன் பதினெட்டு வயதில் அதே பணியிடத்திற்கு வருகிறான். முதலாண்டு கல் எடுத்துக் கொடுக்கிறான், இரண்டாம் ஆண்டு கலவை போடுகிறான், மூன்றாம் ஆண்டு "சின்னக் கரண்டி பிடித்துப் பழகு" என்று யாரோ ஒரு மாமனோ சித்தப்பனோ கையில் கொடுக்கிறான், ஐந்தாம் ஆண்டு கொத்தனார்! அவன் சாந்து கேட்க, எடுத்துச் சென்று கொடுப்பவர், அவன் பிறக்குமுன்பே சாரம் ஏறத் தொடங்கிய அந்தத் தாய்!

"பெண்கள் உயரத்தில் நின்று வேலை செய்யலாமா? ஆபத்தல்லவா?" என்று பரிவு காட்டுவோர் உளர். ஐயன்மீர், தலையிலே சட்டியோடு சாரத்தின் மீது ஏறும்போது அவர் பெண்ணாகத் தெரியவில்லையோ? கையிலே கரண்டியோடு ஏறும்போதுதான் உமது பரிவு பீறிட்டு வருமோ? சுமையோடு ஏறினால் விழமாட்டார், கருவியோடு ஏறினால் விழுந்துவிடுவார் என்பது எந்த ஊர்ப் பௌதிகம்?

சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. அதன் உட்கிடை இன்றைய ஊதியத் தொகுப்பிலும் இருக்கிறது. அந்தச் சட்டத்தை மீறாமலே ஏய்த்து வருகிறார்களே, அந்தச் சூழ்ச்சியைக் கவனித்தீர்களா? ஆண் செய்வது கொத்து வேலை, பெண் செய்வது சித்தாள் வேலை. வேலையே வேறு, ஆகவே கூலியும் வேறு! சட்டம் வாயடைத்து நிற்கிறது. பெண்ணைக் கரண்டி தொடவிடாமல் தடுத்துவிட்டால் போதும், சமக்கூலிச் சட்டம் கட்டட வாயிலிலேயே காவலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

நடக்காத காரியத்தை நாம் பேசவில்லை. ஜார்க்கண்டு மாநிலத்திலே தூய்மை இந்தியா திட்டத்தில் சிற்றூர்தோறும் கழிப்பிடம் கட்ட வேண்டி வந்தபோது கொத்தனார்கள் போதவில்லை. பெண்களுக்குப் பயிற்சி தந்தார்கள், அவர்கள் கட்டினார்கள். 'ராணி மிஸ்திரி' என்ற பெயரே அங்கு நிலைத்துவிட்டது. கேரளத்திலே குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் முழு வீடே கட்டிக் கொடுத்திருக்கின்றன. அந்தச் சுவர்கள் எல்லாம் நிற்கின்றன. பெண் கட்டினாள் என்று நாணி எந்தச் சுவரும் சாயவில்லை.

ஆகவேதான் தேர்வு வேண்டும் என்கிறோம். மேஸ்திரியின் விரலுக்குப் பதிலாக ஓர் அளவுகோல். நாலடிச் சுவர் எழுப்பு, மூலைமட்டம் வைத்துப் பார்க்கிறோம்; பூசிக் காட்டு, ரசமட்டம் வைத்துப் பார்க்கிறோம்; கம்பி கட்டு, எண்ணிப் பார்க்கிறோம். நீ யார் மகன், எந்தத் தெரு, ஆணா பெண்ணா என்று ரசமட்டம் கேட்பதில்லை. அதற்குள் இருக்கும் குமிழுக்குச் சாதி தெரியாது.

இந்த இடத்திலே ஒரு குரல் எழும், எழுந்தும் இருக்கிறது. "கைத்தொழிலுக்கு எதற்கு ஐயா தேர்வு? தந்தையிடம் மகன் கற்பான், குருவிடம் சீடன் கற்பான், வழிவழியாக வரும் கலை" என்று தேன் தடவிப் பேசும் குரல். பழகிய குரல்தான். 1953-இல் இதே குரல், பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954-இல் அது குழிக்குள் போயிற்று. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு கொணர்ந்த விசுவகர்மா திட்டத்திலே பதினெட்டுத் தொழில்கள் பட்டியலிடப்பட்டன. கொத்து வேலையும் அவற்றில் ஒன்று. அடையாள அட்டை தருகிறார்கள், சான்றிதழ் தருகிறார்கள், கருவி வாங்க ரூ.15,000 தருகிறார்கள், கடனும் தருகிறார்கள். தரட்டும்! தொழிலாளிக்கு அட்டை வேண்டும் என்று கேட்கும் நாம் அதை வேண்டாம் என்போமா? ஆனால் குடும்பவழிப் பாரம்பரியத் தொழில் என்று ஒரு வாசகத்தைத் திட்டத்தின் தலைவாயிலில் மாட்டியிருக்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது. தமிழ்நாட்டு அரசு அதனை அவ்வடிவில் ஏற்க இயலாது என்று 2024 நவம்பரில் எழுதிவிட்டு, சாதி அடிப்படை இல்லாத வேறொரு திட்டத்தை 2025-இல் தொடங்கியது. 18 வயதில் பரம்பரைத் தொழிலுக்குள் தள்ளாதிருக்க, வயது வரம்பை 35 என்று வைத்தது.

திறமை குருதியில் ஓடுவதில்லை, தோழர்களே! ஓடுமானால், கொத்தனார் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு மட்டும் அது ஓடாமல் உறைந்துபோவது ஏன்? அண்ணனுக்கு வந்த பரம்பரைக் கலை தங்கைக்கு ஏன் வரவில்லை? விடை கூறட்டும் வழிவழிக்காரர்கள்! கட்டியவனுடைய பெயரை எந்தக் கல்லிலும் பொறிக்காமல், தேவலோகத் தச்சன் பெயரைத் திட்டத்துக்குச் சூட்டி மகிழ்கிற நாடு இது. விசுவகர்மாவை யாரும் நாற்சந்தியில் நிறுத்திக் கூலி பேசியதில்லை.

சரி, பிற நாட்டார் என்ன செய்கின்றனர்? இங்கிலாந்திலே 1995 முதல் கட்டுமானத் திறனட்டைத் திட்டம் ஒன்று நடந்து வருகிறது. பச்சை அட்டை உடலுழைப்பாளருக்கு, நீல அட்டை தேர்ந்த கைவினைஞருக்கு, பொன்னிற அட்டை அவரினும் மேம்பட்டவருக்கும் மேற்பார்வையாளருக்கும், கறுப்பு அட்டை மேலாளருக்கு. நீல அட்டை வேண்டுமானால் அத்தொழிலில் இரண்டாம் நிலைத் தேசியத் தகுதி வேண்டும். நெடுநாள் உழைத்தவர் அதற்காகப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. அவர் வேலை செய்யும் இடத்துக்கே மதிப்பீட்டாளர் வந்து, செய்யும் வேலையைப் பார்த்துத் தகுதி வழங்கும் முறை உண்டு. இத்தனைக்கும் அந்த அட்டையைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. பெரிய ஒப்பந்தக்காரர்கள், அட்டை இல்லாதவரை வாயிலுக்குள் விடமாட்டோம் என்று நிற்கிறார்கள். அதுவே சட்டத்தைவிட வலிதாயிற்று.

அங்கே எல்லாம் தேனும் பாலுமா? அன்று. முன்பு முதலாளியின் பரிந்துரையை மட்டும் வைத்தே பலருக்கு அட்டை கொடுத்து வந்தனர்; அது திறமைக்குச் சான்றாகாது என்று முடிவு செய்து, அவ்வகை அட்டைகளையெல்லாம் 2024 இறுதியோடு முடித்துவிட்டனர். தேர்வு மையங்கள் சிலவற்றில் விடையைச் சொல்லிக்கொடுத்துக் காசு பார்த்த மோசடியை 2015-இல் பிபிசி வெளிப்படுத்தியது. கையூட்டு தமிழனின் தனிச்சொத்து என்று கவலைப்படும் அன்பர்கள் ஆறுதல் அடையலாம்.

இன்னும் அருகே வருவோம். சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் நம் ஊர் இளைஞன் என்ன செய்கிறான்? 'டெஸ்ட் அடிக்க'ப் போகிறான். ஓடு பதித்தலோ, பூச்சோ, கம்பி கட்டலோ, குழாய் வேலையோ, ஒன்றிலே பயின்று, அந்நாட்டுக் கட்டுமான ஆணையத்தின் திறன் தேர்விலே வென்றால்தான் அங்கே அடியெடுத்து வைக்கலாம். அதற்கான மையங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. கொட்டாம்பட்டியிலும் பட்டுக்கோட்டையிலும் பிறந்தவனுக்குத் திறமை உண்டா இல்லையா என்று கண்டறியச் சிங்கப்பூர் அரசுக்கு வழி தெரிகிறது. அவன் பிறந்த நாட்டுக்குத் தெரியவில்லை! கடல் கடந்தால் அவன் தேர்ந்த தொழிலாளி. திரும்பி வந்து மீனம்பாக்கத்தில் இறங்கினால் மறுபடியும் கூலி!

ஆனால் அந்தச் சான்றின் கதையிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பயிற்சிக்கும் தேர்வுக்கும் தரகுக்குமாக நகையை அடகு வைத்து இலட்சங்களைக் கொட்டுபவன் தொழிலாளி. பயன் யாருக்கு? 2024 சனவரி முதல் அங்கே அயல்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவனுக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை, அவன் உயர்திறன் பெற்றவனாயின் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் மட்டும் பெற்றவனாயின் 900 வெள்ளி. தொழிலாளி ஒருபடி உயர்ந்தால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம்! அந்த 400-இல் எத்தனை வெள்ளி தொழிலாளியின் கூலியில் சேரும் என்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. அட்டை இருக்கிறது, அட்டையின் ஆதாயம் வேறு பைக்குப் போகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கும் ஏதுமில்லை என்று சொல்வது பொய். 2013-இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. 2015-இல் பிரதமர் பெயரால் ஒரு திறன் திட்டம் தொடங்கப்பட்டது. அதனுள்ளே, முன்பே தொழில் கற்றவரை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் பிரிவு ஒன்றும் வைத்தனர். எண்ணம் அருமையானது, நாம் கேட்பதும் ஏறத்தாழ அதுவே. நடந்தது என்ன? சில மணி நேர வகுப்பு, ஒரு மதிப்பீடு, ஒரு தாள், தேறினால் ரூ.500! அந்தத் தாளைக் கொண்டுபோய் நாற்சந்தியிலே நீட்டினால், மேஸ்திரி அதில் வெற்றிலை மடிப்பார். தாளைக் காட்டினால் கூலி உயரும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையோ, பயனாளிகளின் வங்கிக் கணக்கு எண் இருக்கவேண்டிய இடங்களில் வெறும் சுழியங்களும் ஒரே இலக்கத்தின் வரிசையும் கிடந்ததைச் சுட்டிக்காட்டியது. கணக்கு எண்ணே இல்லாதவர் எப்படிச் சுவர் கட்டினாரோ, எவர் மட்டம் பார்த்தாரோ, யாமறியோம்!

பணம் இல்லாமையா காரணம்? கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்று தொழிலாளர் நலத்துக்காகத் தீர்வை திரட்டப்படுகிறது. 2018-இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கிலே கணக்குப் பார்த்தபோது, நாடு முழுவதும் திரண்டது ரூ.37,400 கோடிக்கு மேல். செலவானது ஏறத்தாழ ரூ.9,500 கோடி. அதிலும் மடிக்கணினியும் சலவை இயந்திரமும் வாங்கிய கதை மன்றத்திலே சந்தி சிரித்தது. செங்கல் தூசு படிந்த சட்டையைத் துவைக்க வாங்கியிருப்பார்கள் போலும்!

எச்சரிக்கை ஒன்றும் சொல்லியாக வேண்டும், நம் பக்கத்து ஆர்வலர்களுக்கே. "அட்டை வந்துவிட்டால் விபத்து ஒழியும், கட்டடம் இடியாது" என்று மேடையிலே முழங்குவோர் உண்டு. 2014 சூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் மழை நாளிலே சரிந்தது. 61 பேர் மாண்டனர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்களில் மிகப் பலர். வடிவமைப்பிலேயே கோளாறு என்று ஆராய்ந்தவர்கள் கூறினர். கரண்டி பிடித்தவர் கையில் பிறந்த பிழை அன்று அது. பட்டமும் முத்திரையும் உடையவர்களின் மேசையில் பிறந்த பிழை. ஆகவே நாளைக்கு ஏதேனும் இடிந்தால், "அட்டை இல்லாதவன் கட்டினான்" என்று பழியை அடித்தட்டில் இறக்கிவைக்க இந்த அட்டை உதவக் கூடாது. தேர்வு கீழே தொடங்குமானால் மேலேயும் ஏறட்டும். மேஸ்திரிக்கும் தேர்வு, மேற்பார்வையாளருக்கும் தேர்வு. எந்தக் கம்பிக்கட்டை எவர் சரிபார்த்தார் என்று கையெழுத்திருக்கட்டும்.

நாம் கேட்பது இதுதான்: தேர்வு பணியிடத்திலே நடக்கட்டும், எழுத்தறியாதவர் வாயால் சொல்லட்டும், கையால் செய்து காட்டட்டும். கட்டணம் ஒரு காசும் வேண்டாம். தேர்வு நாளின் கூலியை அந்த நூற்றுக்கு ஒன்றிலிருந்து கொடுங்கள். பயிற்சி நாளுக்குக் கூலியிழப்பு ஈடு தரும் முறை நம் வாரியத்திலேயே உண்டு, அதைத் தேர்வுக்கும் நீட்டினால் என்ன? அட்டை தொழிலாளியின் உடைமை. முதலாளி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. அரசு விடும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், பொதுப்பணித்துறையானாலும் வீட்டுவசதி வாரியமானாலும், இத்தனை பங்கு தேர்ந்த தொழிலாளர், அவர்க்கு இன்ன கூலி, அவர்களில் இத்தனை பேர் பெண்கள் என்று எழுதுங்கள். எழுதாத வரைக்கும் அட்டை அட்டைதான், அரிசி ஆகாது.

மற்றொன்று. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து நம் ஊர் மாடிகளைக் கட்டுகிறவர்களுக்கும் இந்தத் தேர்வு வேண்டும், அவரவர் மொழியிலே வேண்டும். "அவனுக்கு எதற்கு நம் பணம்?" என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். மொழியை ஒருவன் மேல் திணிப்பது கொடுமை என்று உலகுக்குச் சொன்னவர்கள் நாம். சாரத்திலே நிற்கும் பீகார்த் தோழனிடம் தமிழில் மட்டும்தான் கேள்வி கேட்போம் என்றால், அதற்குப் பெயர் என்ன? அவனைச் சான்றில்லாதவனாக வைத்திருப்பதால் யாருக்கு நட்டம் என்றும் எண்ணுங்கள். திறமைக்கு விலையில்லாதபோது மலிந்த ஆளே வெல்வான். நம் கொத்தனாரின் கூலியை அமுக்குவது அவன் அல்லன். அவனுக்கும் இவனுக்கும் அளவுகோல் இல்லாமை அமுக்குகிறது.

அந்த அம்மையாரிடம் இவற்றையெல்லாம் ஒரு மாலை விளக்கிச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பரிச்சை எங்கே சார் நடக்குது? நான் போகலாமா? பொம்பளைன்னா சேத்துக்குவாங்களா?" என்று கேட்டார். மூன்று கேள்வி. மூன்றாவதற்கு மட்டும் "சேர்த்துத்தான் ஆகவேண்டும்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னோம். முதல் கேள்விக்கு விடை தேடி மாவட்ட அலுவலகம் ஒன்றின் படியேறினோம். "அதெல்லாம் இணையத்திலே பாருங்க" என்றார் அங்கிருந்தவர், தலை நிமிராமலே. பார்த்தோம். கொத்தனார் பயிற்சி என்று இருந்தது. ஊரும் நாளும் இருந்தன. சித்தாளாக இருபத்திரண்டு ஆண்டு கழித்த ஒருவர் நேரே தேர்வுக்கு வரலாமா என்பதற்கு அங்கே ஒரு வரியும் இல்லை. விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். தொழில் என்ற கட்டத்தில் 'கொத்தனார்' என்று எழுதினோம். "சான்று?" என்று கேட்டார் அவர். அந்த வீட்டின் முகவரியைச் சொன்னோம், மேற்குச் சுவரைப் போய்ப் பார்க்கும்படி.

தோழர்களே, படிப்பகங்களிலே நாளேடு புரட்டி நாட்டு நடப்புப் பேசும் நீங்கள், உங்கள் ஊர் நாற்சந்திக்குக் காலை ஆறு மணிக்கு ஒரு நாளேனும் வாருங்கள். ஆள் எடுக்கும் அந்த அரைமணி நேரத்திலே நின்று பாருங்கள். எவர் என்ன தெரிந்தவர், எத்தனை ஆண்டு, என்ன கூலி, எந்தப் படியில் வைக்கப்பட்டிருக்கிறார் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பெண்களிடம் தனியே கேளுங்கள், மேஸ்திரி அருகில் இருக்கும்போது அவர்கள் உண்மை பேசமாட்டார்கள். நம் ஊர்ச் சந்தியில் வரும் ஞாயிறு நாம் தொடங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு ஆள் எடுப்பார்கள். விடுமுறை என்பது சம்பளக்காரர்களுக்குத்தான்.